சக்கரத்தில் ஏறாத சாட்சி

ஏதென்ஸ்
போயித்ரோமியோன் மாதம், வளர்பிறை பன்னிரண்டு

அன்புள்ள அக்கா லிசில்லாவுக்கு, தம்பி அர்க்கிப்போஸ் எழுதுவது.

நீயும் அத்தானும் நலம் என்று படகுக்காரர் சொன்னார். நானும் நலம் என்று எழுத ஆசைதான்.

விஷயம் உன் காதுக்கு எட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக் கிழவர் தெரோன் போன மாதம் நம் சந்தில் விழுந்து, கல்தொட்டியில் தலை அடிபட்டுச் செத்துப்போனார். நம் வீட்டுக் கழுவுநீர் அவர் வாசலில் ஓடுகிறது என்று அப்பா காலத்திலிருந்தே சண்டை இருந்ததல்லவா? அதை வைத்து, நான்தான் தள்ளிக் கொன்றேன் என்று அவர் மகன் பாம்பிலோஸ் கொலை வழக்குப் போட்டுவிட்டான். ஊரறியக் கூவியும் ஆயிற்று. தீர்ப்பு வரும்வரை நான் சந்தைக்குள் போகக்கூடாது, கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. ரொட்டி வாங்கக்கூட ஆளைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் ஆரேஸ் குன்றின் மேல் விசாரணை. தோற்றால் தலை போகும்.

அன்று நான் சந்திலேயே இல்லை. மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். இதைத்தான் சாட்சிகளை வைத்துக்கொண்டு பாம்பிலோஸிடம் சொன்னேன்.

"நம்பலன்னா எங்க வீட்டு சிமாவைக் கூட்டிட்டுப் போ. சக்கரத்துல கட்டிச் சுத்து. வேணுங்கிறதைக் கேளு. நான் அன்னிக்கு எங்க இருந்தேன்னு அவளே சொல்லட்டும்."

அடிமையின் சொல் வலியில் பிழிந்து எடுத்தால்தான் மன்றத்தில் செல்லும் என்பது உனக்குத் தெரியாததல்ல. வழக்காடுகிற எல்லோரும் இப்படிச் சவால் விடுவார்கள். எதிராளி மாட்டேன் என்பான். "பார்த்தீர்களா, உண்மைக்குப் பயந்துவிட்டான்" என்று மன்றத்தில் முழங்கலாம். அதற்காகத்தான் சவாலே. ஒப்புக்கொண்டவன் எவனையும் நான் கண்டதில்லை. இந்தப் பாம்பிலோஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிடா, அனுப்பு" என்றான்.

இனிப் பின்வாங்கினால் நானே குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும். அங்கே உன்னிடம் இருக்கும் சிமாவை அடுத்த படகில் அனுப்பி வை.


சாலமிஸ்
அதே மாதம், தேய்பிறைத் தொடக்கம்

தம்பிக்கு,

உன் மெழுகுப் பலகையை வீட்டுக்குள் வைத்துப் படிக்கவில்லை. கோயிலுக்குள் நுழையக்கூடாதவன் கைபட்ட பொருளை எங்கள் அடுப்புத் தெய்வத்தின் பக்கத்தில் வைக்க மனம் துணியவில்லை. வெளியே வேலிக்கல் மேல் வைத்துப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே. நீ குற்றமற்றவன் என்றால் தெய்வம் என்னை மன்னிக்கும். இல்லையென்றால் என் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது. வழக்கு முடியும்வரை நீ இந்தப் படியை மிதிக்க வேண்டாம் என்று உன் அத்தானும் சொல்லிவிட்டார். அதனால் எழுத்தில்தான் பேச வேண்டும். நீ வாத்தியாரிடம் படித்து வந்த எழுத்தை நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லில் கிறுக்கிக் கற்றேன். அது இதற்கா உதவ வேண்டும்?

என் வீட்டுக் கணக்கில் போன மாதம் இப்படி எழுதியிருக்கிறேன்: தம்பி வீட்டிலிருந்து வந்தது, காய்ந்த அத்தி ஒரு கூடை, சிமா. நான் கேட்டதோ அத்தி மட்டும். பிரசவ ஒத்தாசைக்கு என்று சொல்லியனுப்பினாய். பிரசவம் குளிரில் என்று உனக்கும் தெரியும். வெயில் கொளுத்தும்போது அவளை ஏன் அனுப்பினான் என்று அன்றே நினைத்தேன். கிழவர் செத்த மறுநாள் அவள் வந்து இறங்கினாள் என்பது உன் கடிதம் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அவள் வந்ததிலிருந்து கம்பளி மளமளவென்று நூலாகிறது. எண்ணெயும் மளமளவென்று தீர்கிறது. தாளிக்கும்போது அவள் கைக்கு அளவே இல்லை. "எண்ணெய் என்ன கடல்லயா ஊறுது?" என்று கேட்டேன். "ஆலிவ் மரத்துல ஊறுதும்மா" என்கிறாள். இந்தப் பெண்ணைத்தான் கைகாலைக் கட்டிச் சுற்றச் சொல்கிறாய்.

அம்மா சீதனமாகக் கொண்டுவந்து உனக்கு விட்டுப்போனவள். உன் உடைமைதான். மறுக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல். அன்று மாடியில்தான் தூங்கினாயா? மன்றத்துக்குச் சொல்வது போல் எழுதாதே. எனக்கு எழுது.


ஏதென்ஸ்
பியானெப்சியோன் மாதம், வளர்பிறை ஆறு

அக்காவுக்கு,

நீ கேள்வி கேட்கிறாய். நான் ஆளைக் கேட்கிறேன்.

நேற்று ஹெஃபைஸ்தோஸ் கோயில் பக்கம் பாம்பிலோஸும் நானும் பேரம் பேசினோம். எனக்குக் கோயில் ஆகாது என்பதால் நான் தெருவில் நின்றேன், அவன் படியில் நின்றான். நடுவில் சாட்சிகள். சக்கரமா, சாட்டையா? கேள்வி கேட்பது அவனா, பொது ஆளா? அவள் முடமானால் எனக்கு நஷ்ட ஈடு உண்டா? சந்தையில் கழுதைக்குப் பேசுவது போலப் பேசினோம். நான் வேண்டுமென்றே இழுத்தேன், ஒரு நிபந்தனையிலாவது முறுக்கிக்கொண்டு போவான் என்று பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "சரி" என்றான். "நீ கேக்கிற ஈட்டைத் தரேன். நீ சொல்ற ஆளையே வெச்சுக்க. எனக்கு அவ வாயிலேருந்து வரணும், அவ்வளவுதான்" என்றான். 

எனக்கு வாதம் எழுதித் தருகிறவர் அனுபவசாலி. அவர் சொல்கிறார்: "சுதந்திர மனுஷன் லாபத்துக்காகப் பொய் சொல்வான். அடிமைக்கு என்ன லாபம்? சக்கரத்துல ஏறினா உண்மை தன்னால கொட்டிரும்." காலம் காலமாக நம் பெரியவர்கள் செய்துவந்ததுதானே? நீ மட்டும் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

பயப்படாதே. சிமா விசுவாசமானவள். நான் மாடியில் இருந்தேன் என்று சொல்லிவிடுவாள். கொஞ்சம் தாங்கிக்கொண்டால் போதும், பிறகு வைத்தியரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கிழவர் சும்மா ஆள் இல்லை அக்கா. அன்றைக்குக் கூட அத்தனை பெரிய தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்காக நாம் ஏன் அழிய வேண்டும்?

அனுப்பு.


சாலமிஸ்
அதே மாதம், பௌர்ணமி கழிந்து

தம்பி,

மாடியில் தூங்கியவனுக்குக் கிழவர் கையில் இருந்த தடி எப்படித் தெரிந்தது?

உன் பலகையை மூடி வைத்துவிட்டுச் சிமாவிடம் போனேன். முற்றத்தில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"சிமா, தெரோன் தாத்தா செத்த அன்னிக்கு என்ன நடந்துதுன்னு கேட்டா சொல்வியா?"

"இதுவரைக்கும் யாரும் கேக்கலையேம்மா. பாக்கலன்னு சொல்லுன்னுதான் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"சின்னய்யாதான். வேற யாரு?"

பிறகு சொன்னாள். ஒரு கையால் சிக்கெடுத்தபடியே சொன்னாள். நடு மதியம். அவள் பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர் சந்தில் ஓட, கிழவர் தடியோடு வந்து கத்தினார். நீ இறங்கி வந்தாய். அவர் நம் அம்மாவை இழுத்துப் பேசினார், தடியால் உன் தோளில் ஒன்று வைத்தார். நீ ஒரு கையால் நெஞ்சில் தள்ளினாய். ஒரே தள்ளு. கழுவுநீர் வழுக்கலில் கால் போய், தலை தொட்டியில் இடித்தது. நீ குனிந்து, "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டாய். அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். நீ ஓடிவிட்டாய்.

"தண்ணி கேட்டாரும்மா. குடுவை உள்ள இருந்துச்சு. எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிருவாரோன்னு, பக்கத்து ஜாடியிலேருந்து உள்ளங்கையில ஏந்திக் குடுத்தேன். பாதி வெளிய வழிஞ்சிருச்சு. 'இன்னும் கொஞ்சம்'னாரு. திரும்ப மொண்டு வந்தேன். அதைக் குடிக்கல."

நான் அழுதுவிட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "கம்பளியில கண்ணீர் விடாதீங்க, சாயம் ஏறாது" என்றாள்.

சக்கரத்தைப் பற்றியும் கேட்டேன். மறைக்கவில்லை, நீ எழுதியதைப் படித்தே காட்டினேன். கத்தையை மடியில் இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஏத்தி ரெண்டு சுத்து சுத்தினா நான் எதை வேணா சொல்வேம்மா. சின்னய்யா மாடியில இருந்தாருன்னும் சொல்வேன், சந்துல இருந்தாருன்னும் சொல்வேன். இன்னும் ஒரு சுத்து விட்டா நீங்கதான் தள்ளினீங்கன்னு சொல்வேன். அதுல எது வேணும்னு அவங்களையே எடுத்துக்கச் சொல்லுங்க."

தம்பி, நான் கேட்டேன், அவள் சொன்னாள். ஒரு முடிச்சுக் கயிறுகூடத் தேவைப்படவில்லை. இந்தச் சொல் மன்றத்தில் செல்லாதாம். கதறிக்கொண்டு சொன்னால் செல்லுமாம்.

ஆத்திரத்தில் ஒரு தள்ளு தள்ளுவது வேறு, கொலை செய்யத் திட்டம் போடுவது வேறு. அதற்கென்று தனி நீதி இருக்கிறது. நாட்டை விட்டுப் போய், செத்தவரின் பிள்ளைகள் மன்னித்தால் திரும்பலாம். இல்லாத மாடியை நீதான் கட்டிக்கொண்டாய். விசாரணையன்று உன்னைப் பன்றியும் ஆடும் காளையும் வெட்டிய துண்டங்களின் மேல் நிறுத்துவார்கள். "பொய் சொன்னால் நானும் என் வீடும் குலமும் வேரோடு அழிக" என்று சொல்லச் சொல்வார்கள். அந்தக் குலத்தில் நான் இருக்கிறேன். என் வயிற்றில் உதைப்பதும் இருக்கிறது. அந்தத் துண்டங்களின் மேல் நின்று பொய் சொல்லாதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.


ஏதென்ஸ்
மைமக்தேரியோன் மாதம், வளர்பிறை மூன்று

அக்கா,

நூல் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் தெரிந்துவிட்டால் நீதியும் தெரிந்துவிடுமா? ஒரு அடிமை சொன்னதைக் கேட்டுக்கொண்டு கூடப் பிறந்தவனுக்குத் தீர்ப்பு எழுதுகிறாய்.

இப்போது உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மாடி மாடி என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. நேற்றுவரை பொய் சொன்னவன் இன்றைக்கு மட்டும் ஏன் மெய் சொல்கிறான் என்பார்கள். கிழவரே முதலில் அடித்தார் என்றால் சிரிப்பார்கள். வழி அடைபட்டுவிட்டது, அக்கா. சந்தில் பிள்ளைகள் என் மேல் கல் எறிகிறார்கள். இரவெல்லாம் அந்தத் தொட்டி மேல் தண்ணீர் சொட்டுகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் தொட்டி காய்ந்து கிடக்கிறது.

சிமா என் பொருள். என் ஆள் மிக்கோனை அனுப்புகிறேன். நீ அனுப்பாவிட்டால் அவன் இழுத்து வருவான்.


சாலமிஸ்
அதே மாதம், வளர்பிறை எட்டு

தம்பி,

மிக்கோன் வந்தான். வெறுங்கையோடு திரும்புகிறான். அவனைத் திட்டாதே, வயிறாரச் சாப்பிட வைத்துத்தான் அனுப்புகிறேன்.

அவன் படகு கண்ணில் பட்டதுமே சிமாவை வீரன் அயாஸின் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கம்பளி சுற்றிய ஆலிவ் கிளையை அவள் கையில் கொடுத்துப் பலிபீடத்தில் உட்கார வைத்தேன். அடைக்கலம் என்று உட்கார்ந்தவளைத் தொட்டு இழுத்தால் என்ன பாவம் என்று மிக்கோனுக்கும் தெரியும். வெளியே நின்று கத்தினான்.

"ஏய் சிமா, மரியாதையா இறங்கி வா!"

"நீ ஏறி வாயேன். சாமி குத்தம் உன் தலையில."

"எத்தனை நாளு அங்கயே குந்தியிருப்ப?"

"எனக்கு இது புதுசு மிக்கோன். வேலை எதுவும் செய்யாம உக்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. நல்லாத்தான் இருக்கு."

பூசாரி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். தினமும் பார்லி அடையும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கணக்கில் கோயில் காணிக்கை என்று எழுதுகிறேன். பொய்யில்லை. உன் அத்தான் முணுமுணுக்கிறார், ஆனால் தடுக்கவில்லை.

நீ வழி அடைபட்டது என்கிறாய். நான் ராத்திரி பகலாக இதையே யோசிக்கிறேன். நான் பெண், மன்றத்தில் ஏறிச் சாட்சி சொல்ல முடியாது. சிமா அடிமை, உடம்பு கிழியாமல் அவள் சொல் செல்லாது. நம் வீட்டில் வலியில்லாமல் பேச அனுமதி உள்ள வாய் உன்னுடையது ஒன்றுதான் தம்பி. அதை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் வாயைப் பிளக்கச் சொல்கிறாய்.




மெகாரா
பொசெய்தியோன் மாதம், தேய்பிறை

அக்கா,

இது வேற்று ஊர். உன் தீவு கண்ணுக்குத் தெரிகிறது.

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. விசாரணைக்கு முந்தைய நாள் சாட்சிகளைக் கூப்பிட்டு, சிமாவை விடுதலை செய்தேன். அதை எழுதிய பலகையை மிக்கோன் கொண்டுவருகிறான், பத்திரமாக வை. தோற்றாலும் ஓடிப்போனாலும் என் சொத்து ஏலம் போகும். ஜாடிகளோடும் ஏணியோடும் அவளையும் நிறுத்தி விலை கூவுவார்கள் என்று நினைத்தேன். அது பொறுக்கவில்லை. "சவால் விட்டுட்டு சாட்சியை விடுதலை பண்றியே, பைத்தியமா?" என்று வாதம் எழுதுகிறவர் தன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

குன்றின் மேல் குளிர். துண்டங்களின் மேல் நின்றேன். காலுக்கடியில் இன்னும் சூடு இருந்தது. பாம்பிலோஸ் எழுந்து, "மன்றத்தாரே, சக்கரத்துக்காரனுக்கு முன்பணம்கூடக் குடுத்துட்டேன். பொண்ணைக் காணோம், ஒளிச்சுட்டான்" என்றான். சிரித்தார்கள். என் முறை வந்தது. அவர் எழுதிக் கொடுத்த வாதம் முழுதும் மனப்பாடம். மாடி, வெயில், தூக்கம், எல்லாம் நாக்கு நுனியில். வாயைத் திறந்தால், "தள்ளினேன்" என்று வந்தது.

தடியையும் சொன்னேன், வழுக்கலையும் சொன்னேன். நம்பினார்களா தெரியவில்லை. முதல் பேச்சு முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவன் நாட்டை விட்டுப் போக விரும்பினால் யாரும் தடுக்கக்கூடாது. அது பழைய சட்டம். இறங்கி நடந்தேன். மாடிக்கதை கட்டாமல் முதலிலேயே சொல்லியிருந்தால் மன்னிப்புக்குக் காத்திருக்கும் நாடுகடத்தலோடு போயிருக்கும். இது திரும்பி வர முடியாத பயணம்.

குன்றடியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பாம்பிலோஸ். அடிக்கத்தான் வருகிறான் என்று நின்றேன். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"எங்கப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

அக்கா, அதற்காகத்தான் அவன் எல்லாவற்றுக்கும் "சரி" சொல்லியிருக்கிறான். கடைசி மூச்சில் கூட இருந்தவள் சிமாதான் என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்பதற்குச் சக்கரத்தைத் தவிர வேறு வழி இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

"தண்ணி கேட்டாரு. நான் ஓடிட்டேன். சிமா குடுத்தாளாம்" என்றேன்.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். நான் நகர வாசலைப் பார்த்து நடந்தேன்.


சாலமிஸ்
கமேலியோன் மாதம், வளர்பிறை

தம்பி,

பெண் குழந்தை. பத்தாம் நாள் பெயர் வைத்தோம், அம்மாவின் பெயர். உன் பங்கு பலிச்சோற்றை இலையில் எடுத்துவைத்து, பிறகு கடலில் விட்டேன்.

பூசாரியைக் கேட்டேன். இந்தக் கரையும் ஏதென்ஸ் மண்தான், நீ தொடக்கூடாது, ஆனால் படகில் நின்று பேசலாமாம். நங்கூரம் போடக்கூடாது, பலகை இறக்கக்கூடாது. வெயில் வரட்டும். குழந்தையைக் கரைக்குத் தூக்கிவந்து காட்டுகிறேன்.

சிமா பலிபீடத்தை விட்டு இறங்கிவிட்டாள். கூலிக்கு என் வீட்டிலேயே நூற்கிறாள். எண்ணெய்ச் செலவு குறையவில்லை. தெருப் பெண்கள் தண்ணீர்த்துறையில் அவளை மொய்க்கிறார்கள். "என்னடி நடந்துச்சு, சொல்லேன்" என்றால், "இஷ்டமில்ல" என்கிறாள். அதைச் சொல்வதற்கென்றே தினம் இரண்டு தடவை தண்ணீருக்குப் போகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

நேற்று பாம்பிலோஸ் வந்தான். வாசலுக்கு வெளியே நின்றான். நான் பயந்துதான் போனேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிமாவைப் பார்த்து, "உனக்கு மனசிருந்தா சொல்வியா?" என்றான்.

அவள் கையிலிருந்த கத்தையை முடிக்கும்வரை அவனை நிற்க வைத்தாள். பிறகு எழுந்து போய், என்னிடம் சொன்னதையே அவனிடமும் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"இது நிஜம்தான்னு நான் எப்படி நம்பறது?" என்றான். பழக்கதோஷம்.

"அது உங்க பாடுய்யா."

 போகத் திரும்பியவன், "எப்படிக் குடுத்த?" என்று கேட்டான்.

சிமா வாசல் ஜாடியில் கையை விட்டு, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி அவன் முன்னால் நீட்டினாள். அது விரலிடுக்கில் வழிந்து தீரும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அவளும் கையை இறக்கவில்லை.